இறைப்பு யந்திரம் நிறுத்தப்பட்ட நிலம்

தாழ்ந்த நிலத்தினின்று நீரை வடித்துப் பயிரிடுதல் கமக்காரருக்குப் பெருமையே. ஆனால் அப்பெருமைக்கு ஆண்டுதோறும் கொடுக்கும் விலையையும் கணக்கிடுதல் வேண்டும். ஐக்கிய அமெரிக்காவில் இலினோய் ஆற்றங்கரையிலுள்ள எமிக்குவோன் காப்பிடத்தைப் பார்வையிடுவோர்க்கு இக்கணக்கு எளிதில் விளங்கும்.

அங்கே தொம்சன் ஏரி என்னும் ஆழமற்ற நீர்நிலை இருந்தது. ஆறு பெருகுங்காலத்து அது நிறையும். மீன்கள் அதனுட் சென்று சினையிடும். 1920 ஆம் ஆண்டுகளில் அணைக்கரை எழுப்பி, யந்திரத்தால் நீரை இறைத்து, ஏரியின் அடித்தளத்தை விளைநிலமாக்கினர். சோளமும் சோயா அவரையும் செழித்தன. இதை மறைத்தல் நேர்மையன்று. ஆயினும் யந்திரம் ஓயுமாயின் வயலில் நீர் ஏறிவிடும் நிலை என்றும் மாறவில்லை.

2000 ஆம் ஆண்டில் இயற்கைப் பாதுகாப்புச் சங்கமொன்று அந்நிலத்தை உரியவரிடமிருந்து விலைகொடுத்து வாங்கியது. கமக்காரனிடமிருந்து நிலத்தைப் பெறுவதற்குத் தக்க முறை இதுவேயாம். 2007 இல் யந்திரங்கள் நிறுத்தப்பட்டன. ஏரி மீண்டது, நீர்ப்பறவைகள் பெருங்கூட்டமாக வந்திறங்கின. 2012 இல் அவ்விடம் றம்சார் ஈரநிலமாக ஏற்கப்பட்டது.

ஆனால் அணைக்கரையை அவர்கள் தகர்த்துவிடவில்லை. ஏன்? இன்றைய ஆறு பழைய ஆறன்று. மேட்டு வயல்களிலிருந்து அரித்து வரும் மண்ணும், பிறநாட்டுக் கெண்டை மீன்களும் அதில் மிகுந்துள்ளன. ஆதலால், நீரை அளவறிந்து விடவும் மறிக்கவும் வல்ல அமைப்பொன்று 2016 இல் நிறுவப்பட்டது. கெட்டதைத் திருத்துதல் அத்துணைச் செலவுடையது. வரம்பு கட்டாது சரிவில் உழுவோர் இதனைச் சற்றே எண்ணுதல் நன்று.

நம் நாட்டில் மகாவலி கங்கையின் வெள்ளச் சமவெளியில் வில்லுகள் உள. 1984 இல் அவற்றின் ஒரு பகுதி தேசிய பூங்காவாக்கப்பட்டது. 1976 இல் பொல்கொல்லையிலும் 1985 இல் விக்டோரியாவிலும் அணைகள் இயங்கத் தொடங்கியபின், வில்லுகளுக்குச் செல்லும் வெள்ளம் குறைந்தது. நிலம் வறண்டு கிடப்பதைக் கண்டு, அங்கு நெல் விதைத்தாலென்ன என்று கேட்போர் உளர். விதைத்தல் கூடாதென்பதே எம் கருத்து. வரட்சிக் காலத்தில் யானைக்கூட்டங்கள் வில்லுப் புல்லை மேய்ந்து உயிர்வாழ்கின்றன. அப்புல் இல்லாதொழியின் அவை அயலிலுள்ள வயல்களிலேயே இறங்கும். புதிதாய் நெல் விதைத்தவன் பெறும் சில மூடை நெல்லுக்காக, முன்னரே அயலிற் பயிரிட்டு வருவோர் இரவெல்லாம் காவலிருக்க நேரும்.