பாடையிலிருந்து எழுந்த பதினொரு பேர்

'இனி பிழைக்க மாட்டார்' என்று டாக்டரே கைவிரித்தும் பிழைத்துக்கொண்டவர்களை எங்கள் வலங்கைமான் மாரியம்மன் கோயிலுக்குப் பங்குனித் திருவிழாவில் பாடையில் கட்டித் தூக்கி வருவார்கள். கொள்ளிச்சட்டிகூட உண்டு. கோயிலைச் சுற்றியதும் 'பிணம்' எழுந்து நடக்கும்!

2010 ஐ.பி.எல். போட்டியில் சென்னை சூப்பர் கிங்ஸுக்கும் அப்படித்தான் பாடை கட்டியாயிற்று. முதல் ஏழு ஆட்டத்தில் ஐந்து தோல்வி!

எழுப்பி உட்கார வைத்தவர்கள் யார்? ராஜஸ்தானுக்கு எதிராக 127 ரன் விளாசிய முரளி விஜய் ஒருவர். தர்மசாலாவில் கடைசி ஓவருக்கு 16 ரன் தேவை என்றபோது சிக்ஸரோடு கணக்கை முடித்த தோனி இன்னொருவர். அரையிறுதியில் 13 ரன்னுக்கு 4 விக்கெட் எடுத்த போலிஞ்சரை விட்டுவிட்டால் பாவம் வந்து சேரும். புதுப் பந்தைத் தூக்கி நம்ம அஸ்வின் கையில் கொடுத்ததும் தோனிதான். ஸ்பின்னருக்குப் புதுப் பந்தா என்று டீக்கடையில் சிரித்தார்கள்.

ஆனால், எனக்கு இறுதி ஆட்டத்தில் செய்த அந்த ஒரு வேலைதான் பெரிசு. மும்பையின் பொல்லார்ட் பேயாட்டம் ஆடிக்கொண்டிருக்கிறார். பத்தே பந்து, 27 ரன். தோனி என்ன செய்தார்? ஹேடனைக் கொண்டுபோய் அம்பயர் முதுகுக்கு நேர் பின்னால் நிறுத்தினார். 'அங்கே எவனாவது ஆள் போடுவானா சார்?' என்றார் பக்கத்தில் இருந்த பட்டாசு வியாபாரி. மோர்க்கல் போட்டார், பொல்லார்ட் வீசினார், பந்து நேரே ஹேடன் கையில்!

22 ரன்னில் கோப்பை சென்னைக்கு. தீபாவளிக்குக்கூடக் கடன் தராத அந்த வியாபாரி, அன்றைக்கு ராத்திரி ஒரு ஆயிரம் வாலாவை இனாமாகவே கொளுத்தினார்.