எந்தத் தேர்வு என்பதை ஏஜெண்டு முடிவு செய்வதா?

கொழுந்தெடுத்த கையும் களையெடுத்த கையும் சேர்த்து வைத்த காசில் நம் பெண்பிள்ளைகள் இன்று நர்சிங் படிக்கிறார்கள். 1956-ல் மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது கேரளத்தோடு நின்றுவிட்ட சித்தூர், தேவிகுளம், பீர்மேடு வட்டங்களில், தலைமுறை தலைமுறையாகக் கூலிக்கு உழைத்த குடும்பங்களுக்கு இது சிறிய மாற்றமல்ல. ஆனால் படிப்பு முடிந்ததும் அடுத்த கேள்வி வந்து நிற்கிறது: வெளிநாடு போக எந்த ஆங்கிலத் தேர்வு எழுதுவது? பெற்றோருக்குத் தெரியாது, பள்ளிக்கூடமும் சொல்லித் தரவில்லை. ஆகவே பதில் சொல்லும் அதிகாரம் ஏஜெண்டின் கைக்குப் போய்விடுகிறது. இதைத்தான் நாம் எதிர்க்கிறோம்.

அன்று நம் பாட்டன் பூட்டனை மலையேற்றியவன் கங்காணி. முன்பணம் கொடுத்தான், கடன் தீருமுன் ஆயுள் தீர்ந்தது. இன்றைய கங்காணி முன்பணம் கொடுப்பதில்லை, வாங்கிக்கொள்கிறான். தன்னிடம் எந்தத் தேர்வுக்கு வகுப்பு நடக்கிறதோ, அதுவே உலகத்தில் சிறந்த தேர்வு என்று சாதிக்கிறான். ஐ.இ.எல்.டி.எஸ். தேர்வுக் கட்டணம் மட்டுமே தோட்டத் தொழிலாளியின் ஒரு மாதக் கூலியை மீறும். ஓ.இ.டி. கட்டணமோ அதைப்போல் ஏறக்குறைய இருமடங்கு. தவறான தேர்வை எழுதினால் போவது காசு மட்டுமா? பிள்ளையின் ஓராண்டும் போகிறது.

நாம் சொல்லும் முதல் விதி இதுதான்: நாட்டை முடிவு செய்யுங்கள், வேலையை முடிவு செய்யுங்கள், தேர்வு அதற்குப் பின்னால் தானே வரும். நல்ல தேர்வு, கெட்ட தேர்வு என்று எதுவும் இல்லை. போகிற இடத்தில் செல்லுபடியாகிற தேர்வு, ஆகாத தேர்வு என்று இரண்டுதான் உண்டு.

வளைகுடா நாடுகளுக்கு நர்ஸாகப் போகிறவர்களிடம் பொதுவாகக் கேட்கப்படுவது தொழில் பற்றிய உரிமத் தேர்வு. தனியாக ஆங்கில மதிப்பெண் கேட்பது அங்கே வழக்கமல்ல. ஜெர்மனிக்குப் போக வேண்டுமா? அங்கே நர்ஸாகப் பதிவு பெற ஜெர்மன் மொழியில் பி-2 நிலை வேண்டும். ஆங்கிலச் சான்றிதழ் எத்தனை இருந்தாலும் அந்த இடத்தை நிரப்பாது. 2021-ல் கேரள அரசின் நோர்க்கா ரூட்ஸ் ஜெர்மனியோடு ஒப்பந்தம் செய்து நர்ஸுகளை அனுப்பி வருகிறது. ஜெர்மனிக்குப் போகிற பிள்ளையிடம் ஐ.இ.எல்.டி.எஸ். வகுப்புக்குப் பணம் கட்டச் சொல்கிறவன் யாருடைய நன்மைக்குப் பேசுகிறான்?

பிரிட்டனுக்கும் அயர்லாந்துக்கும்தான் உண்மையான கேள்வி எழுகிறது. பிரிட்டனின் நர்ஸிங் கவுன்சில் இரண்டு தேர்வுகளையும் ஏற்கிறது. 2017 முதல் ஓ.இ.டி.யும் அங்கே செல்லும். ஐ.இ.எல்.டி.எஸ். என்றால் 'அகாடமிக்' வகையில் கேட்டல், வாசித்தல், பேசுதல் மூன்றிலும் 7, எழுத்தில் 6.5 வேண்டும். ஓ.இ.டி. என்றால் அந்த மூன்றிலும் 'பி' தரம், எழுத்தில் 'சி பிளஸ்' போதும்.

இரண்டுக்கும் வேற்றுமை என்ன? ஐ.இ.எல்.டி.எஸ். எழுத்துத் தாளில் ஒரு வரைபடத்தையோ அட்டவணையையோ விளக்கி 150 சொற்களும், ஏதேனும் ஒரு பொதுப் பொருளைப் பற்றி 250 சொற்களில் கட்டுரையும் எழுத வேண்டும். நகரமயமாதல் பற்றியோ விளம்பரங்களின் தீமை பற்றியோ கேட்பார்கள். ஓ.இ.டி.யில் நோயாளியின் குறிப்பைப் படித்து, அவரை வேறிடத்துக்கு அனுப்பும் கடிதம் ஒன்றை எழுத வேண்டும். பேச்சுத் தேர்விலும் நோயாளியோடு அல்லது அவர் உறவினரோடு பேசுவதுபோல நடத்திக் காட்ட வேண்டும். வார்டில் இரண்டு மூன்று ஆண்டு வேலை பார்த்து, தினமும் கேஸ் ஷீட் எழுதிய பெண்ணுக்கு இது பழகிய உலகம். அவளுக்கு ஓ.இ.டி. பொருந்தும் என்பது நம் கருத்து.

ஆனால் எல்லோருக்கும் அதையே சொல்ல மாட்டோம். ஓ.இ.டி. மருத்துவத் துறைத் தொழில்களுக்கு மட்டுமே. நர்ஸிங்கை விட்டு வேறு படிப்புக்குப் போகும் எண்ணம் இருந்தால் ஐ.இ.எல்.டி.எஸ். அதிக இடங்களில் பயன்படும். கனடாவில் குடியேற விண்ணப்பிக்கிறவர் எழுத வேண்டியது 'அகாடமிக்' அல்ல, 'ஜெனரல் டிரெயினிங்'. ஒரே பெயருள்ள தேர்வில் வகை மாறிப் போனாலே கட்டிய பணம் வீண். மதிப்பெண்ணுக்குப் பொதுவாக இரண்டு ஆண்டுதான் ஆயுள். ஆகவே வேலை அனுபவம் சேருமுன் அவசரப்பட்டு எழுதுவதும் நஷ்டம். ஒரு பகுதியில் குறைந்துவிட்டால் கலங்க வேண்டாம்: பன்னிரண்டு மாதத்துக்குள் அதே தேர்வை மீண்டும் எழுதி, இரண்டு முறை பெற்றதையும் சேர்த்துக் காட்டப் பிரிட்டன் கவுன்சில் சில நிபந்தனைகளோடு இடம் தருகிறது. இதை எந்த ஏஜெண்டாவது தானாக வந்து சொல்வானா?

ஓர் எச்சரிக்கை. பிரிட்டனில் முதியோர் பராமரிப்பு வேலைக்கு வெளிநாட்டிலிருந்து புதிதாக ஆள் எடுப்பது 2025 ஜூலை 22-ஆம் தேதியோடு நிறுத்தப்பட்டுவிட்டது. அந்த விசா இன்னும் கிடைக்கும் என்று பணம் கேட்பவன் மோசடிக்காரன். தேர்வு எழுதாமலே மதிப்பெண் வாங்கித் தருகிறேன் என்பவனும் அப்படியே. மதிப்பெண்ணைக் கவுன்சிலே நேரடியாகச் சரிபார்க்கும். பொய்ச் சான்றிதழ் பிடிபட்டால் அந்தப் பெண்ணின் தொழிலே முடிந்தது.

'தமிழ் மீடியத்தில் படித்ததால்தான் நம் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் வரவில்லை' என்று நம்மவர்களே பேசுவதைக் கேட்கிறோம். இதை நாம் ஒப்புக்கொள்ளவில்லை. ஒரு செய்தியை வரிசைப்படுத்திச் சொல்லும் திறன் தாய்மொழியில்தான் முதலில் உருவாகிறது. வீட்டில் தமிழ், அலுவலகத்தில் மலையாளம், மருத்துவமனையில் ஆங்கிலம் என்று மூன்றையும் சமாளிக்கிற பிள்ளைக்கு மொழியறிவு இல்லை என்பது அநியாயம். இல்லாதது பயிற்சி, இல்லாதது வழிகாட்டி. அந்தக் குறைக்குத் தமிழ்ப் பள்ளிக்கூடத்தைப் பலியிடக் கூடாது.

வழிகாட்ட வேண்டியது யார்? அரசுதான். நோர்க்காவின் அயல்மொழிக் கழகம் திருவனந்தபுரத்திலும் கோழிக்கோட்டிலும் இந்தத் தேர்வுகளுக்கு வகுப்பு நடத்துகிறது. வறுமைக்கோட்டுக்குக் கீழுள்ளவர்களுக்கும் தாழ்த்தப்பட்ட, பழங்குடி மக்களுக்கும் கட்டணமில்லை. நல்ல ஏற்பாடு. ஆனால் மூணாறு லயத்தில் இருக்கிற பெண் திருவனந்தபுரத்தில் அறை எடுத்துத் தங்கியா படிப்பாள்? சித்தூரிலும் மூணாறிலும் விடுமுறை நாள் வகுப்புகள் வேண்டும். தமிழில் விளக்கம் சொல்லத் தெரிந்த ஆசிரியர்கள் வேண்டும். தேர்வுக் கட்டணத்துக்கு வட்டியில்லாக் கடன் வேண்டும். மொழிச் சிறுபான்மையினர் என்று ஏட்டில் எழுதிவைத்தால் மட்டும் போதாது.

வெளிநாடு ஒன்றே கதி என்றும் நாம் சொல்லவில்லை. கேரளத்து நர்ஸுகள் 2017-ல் போராடியதால்தான் அடுத்த ஆண்டு தனியார் மருத்துவமனைகளில் குறைந்தபட்ச அடிப்படைச் சம்பளம் 20,000 ரூபாய் என்று அரசு அறிவித்தது. இங்கேயே நியாயமான கூலி கேட்பதும் நம் உரிமை. போக விரும்புகிறவள் ஏமாறாமல் போவதும் நம் உரிமை.

எனவே பெற்றோர்களே! எந்த ரசீதிலும் கையெழுத்திடுமுன் மூன்று கேள்வி கேளுங்கள். எந்த நாடு? என்ன வேலை? அந்த நாட்டின் கவுன்சில் எந்தத் தேர்வை, எந்த வகையை, எத்தனை மதிப்பெண்ணோடு கேட்கிறது? மூன்றாவது கேள்விக்கு விடையைக் கவுன்சிலின் சொந்த அறிவிப்பில் காட்டச் சொல்லுங்கள். காட்ட மறுப்பவனிடம் ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள்.