மாற்றுச் சான்றிதழ் மருந்தாகாது

ஒரு திங்கட்கிழமைக் காலையில், பத்தாம் வகுப்பு மாணவன் ஒருவனைப் பல் மருத்துவப் பிரிவிலிருந்து எங்கள் மனநலப் பிரிவுக்கு அனுப்பியிருந்தார்கள். வாய்ப்புண் என்று சீட்டுப் போட்டு வந்தவன். கீழுதட்டின் உட்புறத்தில், ஈறை ஒட்டி, வெண்மையான தடிப்பு ஒன்று படிந்திருந்தது. நாள்தோறும் அதே இடத்தில் புகையிலைப் பையை அடக்கி வைத்ததன் அடையாளம் அது. உடன் வந்த தாய் அழவில்லை. மகனைக் கடிந்துகொள்ளவும் இல்லை. கதவைச் சாத்திவிட்டு வந்து, தாழ்ந்த குரலில் ஒன்றே ஒன்று கேட்டார்: “சார், இத நீங்க ஸ்கூலுக்குச் சொல்லிடுவீங்களா? தெரிஞ்சா டி.சி. குடுத்துடுவாங்க சார்.”

அந்த அம்மையார் நோயைக் காட்டிலும் பள்ளிக்கே மிகுதியும் அஞ்சினார். அவ்வச்சம் பொருளற்றதன்று. பையில் புகையிலைப் பொட்டலமோ மதுப் புட்டியோ அகப்பட்ட மாணவனை, மாற்றுச் சான்றிதழைக் கையில் கொடுத்து அனுப்பிவிடும் வழக்கம் பல பள்ளிகளில் உண்டு. அவ்வச்சத்தாலேயே பெற்றோர் மறைக்கின்றனர், மாணவன் மறைக்கிறான், மருத்துவரிடம் வருவதற்குள் ஓரிரு ஆண்டுகள் கழிந்துவிடுகின்றன. இவ்வழக்கம் மாறவேண்டும் என்பதே இக்கட்டுரையின் வேண்டுகோள்.

சிக்கல் எவ்வளவு பெரிது என்பதை முதலில் காண்போம். 2019-ஆம் ஆண்டு இந்தியாவில் நடத்தப்பெற்ற உலக இளையோர் புகையிலைக் கணக்கெடுப்பின்படி, 13 முதல் 15 வயது வரையுள்ள மாணவரில் 8.5 விழுக்காட்டினர் ஏதேனும் ஒரு வகையில் புகையிலையைப் பயன்படுத்திவந்தனர். 40 பேர் அமரும் வகுப்பறையில் ஏறத்தாழ மூவர் என்பது இதன் பொருள். இது நாட்டின் சராசரியே. எல்லா ஊருக்கும் அப்படியே பொருந்துவதன்று. ஆயினும் மற்றொரு செய்தி நம்மை உறங்கவிடாது. சிகரெட் புகைத்த மாணவரில் 38 விழுக்காட்டினரும், பீடி புகைத்தவரில் 47 விழுக்காட்டினரும், புகையில்லாப் புகையிலையைப் பயன்படுத்தியவரில் 52 விழுக்காட்டினரும் தம் பத்தாம் வயது நிறைவதற்கு முன்னரே தொடங்கியவர்கள். அதே ஆண்டில் வெளியான, போதைப்பொருள் பற்றிய தேசிய ஆய்வறிக்கை இன்னொன்றையும் கூறியது. பசை, தின்னர் போன்றவற்றை முகரும் பழக்கம் பெரியவரிடையே 0.58 விழுக்காடு, 10 முதல் 17 வயதினரிடையே 1.17 விழுக்காடு. பெரியவரைவிடச் சிறுவரிடம் மிகுந்து காணப்பட்ட போதை இஃது ஒன்றே.

பத்து வயதுக் குழந்தைக்குப் பீடி எங்கிருந்து கிடைக்கிறது? பெரும்பாலும் வீட்டிலிருந்துதான். “போய் ஒரு கட்டு வாங்கி வா” என்று தந்தையே மகனைக் கடைக்கு அனுப்புவதை நாம் குற்றமாகவே கருதுவதில்லை. திருவிழாவிலும் திருமணத்திலும் பெரியவர் அருந்தி வைத்த குவளையின் மிச்சத்தைச் சிறுவன் சுவைத்துப் பார்த்தால், சிரித்து விட்டுவிடுகிறோம். 2023-ஆம் ஆண்டு மே மாதத்தில் நம் மாவட்டத்துச் சித்தாமூர் சுற்றுவட்டாரத்திலும் விழுப்புரம் மாவட்டத்து மரக்காணம் பகுதியிலும் மெத்தனால் கலந்த சாராயத்தைக் குடித்து இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டதை மறந்திருக்க மாட்டோம். அன்று மாவட்டமே பதறியது. ஆனால் உதட்டில் அடக்கிய புகையிலை ஒரே இரவில் கொல்வதில்லை. ஆதலின் அதைக் கண்டு யாரும் பதறுவதில்லை.

தலைமையாசிரியர் ஒருவரிடம் இதைப் பற்றிப் பேசியபோது அவர் சொன்ன மறுமொழியையும் இங்கே கூறியாகவேண்டும். “ஒருவனுக்காக மற்ற 39 பேரை நான் பலியிட முடியுமா? அவன் கொண்டுவந்த பொட்டலத்தைத்தானே நாளை இன்னொருவன் பிரிக்கப்போகிறான்?” என்றார். அவர் கவலை நியாயமானது. பிள்ளைகளைப் பள்ளியை நம்பி அனுப்பும் ஒவ்வொரு பெற்றோரின் கவலையும் அதுவே. எனினும் வெளியேற்றப்பட்ட மாணவன் எங்கே போகிறான் என்று கேட்டுப் பாருங்கள். அவன் ஊரை விட்டுப் போவதில்லை. பகலெல்லாம் பேருந்து நிலையத்திலும் ஏரிக்கரையிலும் திரிகிறான். மாலையில் பள்ளி விடும் நேரத்தில் பழைய நண்பர்களைத் தேடி அதே வாயிலுக்கு வருகிறான். முன்பு அவனைக் கவனிக்க ஆசிரியர் இருந்தார். இப்போது கவனிப்பார் எவருமில்லை. மேலும், ஒருவனுக்கு நேர்ந்ததைக் கண்ட மற்ற இருவர் இன்னும் ஆழமாக மறைக்கக் கற்றுக்கொள்கின்றனர்.

சட்டம் எவர் பக்கம் நிற்கிறது என்பதையும் பெற்றோர் அறிந்திருத்தல் நலம். 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டத்தின் 77-ஆம் பிரிவு, குழந்தைக்கு மதுவையோ போதைப்பொருளையோ புகையிலையையோ கொடுப்பவருக்கு ஏழாண்டு வரை கடுங்காவலும் ஓர் இலட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கிறது. 2003-ஆம் ஆண்டின் புகையிலைக் கட்டுப்பாட்டுச் சட்டம், கல்வி நிலையத்திலிருந்து 100 கெஜத் தொலைவுக்குள் புகையிலைப் பொருள்களை விற்பதைத் தடைசெய்கிறது. போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் 64-அ பிரிவோ, சிறிதளவு போதைப்பொருளோடு பிடிபட்டவர் தாமே முன்வந்து சிகிச்சையை முழுமையாகப் பெறுவாராயின், அவருக்கு வழக்கிலிருந்து விலக்களிக்கிறது. விற்றவனைத் தண்டிப்பது, உட்கொண்டவனுக்குச் சிகிச்சையளிப்பது என்னும் நெறியே இவற்றில் புலப்படுகிறது. நாமோ விற்றவனை விட்டுவிட்டுச் சிறுவனைத் தண்டிக்கிறோம்.

இதில் இன்னோர் இடைவெளியும் உண்டு. 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், எட்டாம் வகுப்பை முடிக்கும் வரை எக்குழந்தையையும் பள்ளியிலிருந்து வெளியேற்றலாகாது என்கிறது. ஒன்பதாம் வகுப்பில் அந்தப் பாதுகாப்பு முடிந்துவிடுகிறது. பழக்கம் வேரூன்றும் வயதும் அதுவே. சட்டம் நின்றுவிடும் அவ்விடத்தில் நம் மனச்சான்று தொடங்கவேண்டும்.

மருத்துவம் கூறுவது இதுதான். விளைவுகளை எண்ணிப் பார்த்துத் தன்னை அடக்கிக்கொள்ளும் ஆற்றலைத் தரும் மூளையின் முன்பகுதி முழு வளர்ச்சி அடைய ஏறத்தாழ 25 வயதாகும். அதற்குமுன் நிக்கோட்டினோ மதுவோ உட்புகுந்தால், வளரும் மூளை அதற்கேற்பவே பழகிவிடுகிறது. ‘மனவுறுதி இல்லாதவன்’ என்று பிள்ளையை ஏசுவதில் பயனில்லை. புகையிலையை நிறுத்திய முதல் சில நாள்களில் எரிச்சலும் உறக்கமின்மையும் கவனச்சிதறலும் மிகும். பின்னர் இரண்டு முதல் நான்கு வாரங்களில் படிப்படியாகத் தணியும். அந்நாள்களில் அவனுக்கு வேண்டியவை ஆலோசனையும், தேவைப்படின் மருந்தும், வழக்கமான அன்றாட வாழ்வும். பள்ளியே அவனுடைய அன்றாட வாழ்வு. அதைப் பறித்துவிட்டு அவனைக் குணப்படுத்து என்றால் எவ்வாறு இயலும்?

பள்ளி நேரத்தோடு கடமை முடிந்துவிடுவதுமில்லை. ஐஸ்லாந்து நாட்டில் 1998-ஆம் ஆண்டில் 15, 16 வயதினரில் 42 விழுக்காட்டினர் முந்திய ஒரு மாதத்துக்குள் குடித்து மயங்கியிருந்தனர். 2016-இல் அவ்வெண்ணிக்கை 5 விழுக்காடாகக் குறைந்தது. அந்நாட்டார் பிள்ளைகளின் மாலைப்பொழுதை விளையாட்டாலும் கலையாலும் நிரப்பினர். அதற்கு அரசுப் பணத்தைச் செலவிட்டனர். பெற்றோர் தமக்குள் ஒப்பந்தம் செய்துகொண்டு, இரவில் பிள்ளைகள் வெளியே சுற்றாமல் பார்த்துக்கொண்டனர். நமக்கு இது எட்டாத செயலன்று. கோவளத்திலும் மாமல்லபுரத்திலும் மீனவர் குப்பங்களில் பிறந்த இளைஞர் பலர் தேசிய அளவில் அலைச்சறுக்கு வீரர்களாக உயர்ந்திருக்கின்றனர். மறைமலைநகர்த் தொழிற்சாலைகளில் தந்தையும் தாயும் பணிமுறைக்குச் சென்றுவிட, மாலை நான்கு மணி முதல் எட்டு மணி வரை தனித்திருக்கும் பிள்ளைக்கு ஊராட்சியின் விளையாட்டுத் திடலொன்று திறந்திருந்தால் அதுவும் ஒரு சிகிச்சையே.

இதைப் படிக்கும் பெற்றோருக்கு: பிள்ளையின் உதட்டிலோ உடையிலோ பையிலோ ஏதேனும் கண்டால், அன்றிரவே அடித்து விசாரியாதீர்கள், மறுநாள் காலையில் மருத்துவமனைக்கு அழைத்து வாருங்கள். 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டத்தின்படி, இங்கே நீங்கள் கூறுவனவற்றை இரகசியமாகக் காப்பது எங்கள் கடமை. நேரில் வரத் தயங்குவோர் தேசியப் போதை மீட்பு உதவி எண் 14446-ஐ அழைக்கலாம். மனநல ஆலோசனைக்கு 14416, சிறுவர் பாதுகாப்புக்கு 1098. ஆசிரியப் பெருமக்களுக்கு: மாற்றுச் சான்றிதழில் கையொப்பமிடுவதற்கு முன் ஒருமுறை மருத்துவரிடம் அனுப்பிப் பாருங்கள். பொட்டலம் விற்ற கடையின் பெயரைக் காவல் துறைக்கு எழுதுங்கள்.

அந்தத் தாயிடம், “சொல்லமாட்டோம், அம்மா. ஆனால் அவனுடைய வகுப்பாசிரியரை நீங்களே ஒருநாள் அழைத்து வர முடியுமா?” என்று கேட்டேன். இரு வாரம் கழித்து ஆசிரியர் வந்தார். மூவரும் ஒரே விசிப்பலகையில் அமர்ந்து காத்திருந்தனர். மாணவன் இடையில் ஒருமுறை பழையபடி தவறினான், மீண்டும் வந்தான். பெயர் இன்னும் பள்ளியின் வருகைப் பதிவேட்டில் இருக்கிறது. பதிவேட்டில் பெயர் இருந்தமையால்தான் அவனால் மீண்டும் எங்களிடம் வர முடிந்தது என்றே நான் கருதுகிறேன்.