வறுவல் மீனுக்கு வீட்டு மசாலா

மீன் வறுவலுக்குத் தடவும் மசாலாவில் உப்பு மட்டுமே சதைக்குள் நன்றாக இறங்கும். மிளகாய், மஞ்சள், பூண்டு எல்லாம் பெரும்பாலும் மேலோடு நின்றுவிடும். ஆகவே இரவு முழுக்க ஊறவைத்தால் காரம் உள்ளே ஏறும் என்று நம்பிக் காத்திருப்பதில் பயனில்லை. ஆட்டுக்கறிக்கு நீண்ட ஊறல் பொருந்தும். மீன் சதையில் நார்கள் குட்டை, அவற்றைக் கட்டிவைக்கும் திசுவும் குறைவு. எலுமிச்சைச் சாற்றிலோ புளியிலோ நெடுநேரம் கிடந்தால் மேல்சதை வெளுத்து இறுகி, வெந்தபின் வறண்டு உதிரும். அரை மணி நேரம் போதும். முழு மீனாக வறுப்பதென்றால் இருபுறமும் சாய்வாகக் கீறிவிட்டுக் கீறலுக்குள் மசாலாவை அழுத்தித் தேய்க்க வேண்டும்.

மசாலா எண்ணெயில் பிரிந்து மிதப்பதற்கு ஈரம்தான் முதல் காரணம். உப்புப் பட்டதும் மீன் நீர் விடும். அந்த நீர் மசாலாவை நெகிழ்த்திவிடும். இதற்கு எளிய வழி உண்டு. கழுவிய துண்டுகளில் முதலில் உப்பும் மஞ்சளும் மட்டும் பிசிறிப் பத்து நிமிடம் வைத்து, ஊறிய நீரை வடித்து, துணியால் ஒற்றியெடுத்த பிறகு மசாலா தடவ வேண்டும். பல வீடுகளில் விட்டுப்போகும் வேலை இதுதான். ஆனால் வறுவலின் தரத்தை மற்ற எதையும்விட இது மாற்றும்.

அரைக் கிலோ வஞ்சிரத்துக்கு இரண்டு தேக்கரண்டி மிளகாய்த்தூள், ஒரு தேக்கரண்டி மிளகு, அரைத் தேக்கரண்டி சீரகம், ஆறு பல் பூண்டு, நான்கு சின்ன வெங்காயம், அரை மூடி எலுமிச்சைச் சாறு என்பது நல்ல அளவு. மிளகையும் சீரகத்தையும் அன்றே நுணுக்க வேண்டும். அவற்றின் வாசனை எளிதில் ஆவியாகும் எண்ணெய்களில் இருக்கிறது, பொடித்து வைத்தால் நாளுக்கு நாள் குறையும். பாக்கெட் மசாலாவை விட வீட்டு மசாலா உயர்ந்து நிற்பது இந்த ஒரு காரணத்தால்தான். அம்மியில் தண்ணீர் தெளிக்காமல் அரைத்த விழுதின் லேசான கொரகொரப்பு துண்டில் நன்றாகப் பிடிக்கும். ஒரு தேக்கரண்டி அரிசி மாவு சேர்த்தால் மொறுமொறுப்பும் வரும். மிளகாயில் 2023இல் புவிசார் குறியீடு பெற்ற ராமநாதபுரம் முண்டு மிளகாய் கிடைத்தால் அதையே வாங்கலாம்.

எல்லா மீனுக்கும் ஒரே மசாலா என்பது சரியல்ல. மத்தி, அயிலை போன்ற எண்ணெய்ச் சத்துள்ள மீன்கள் மிளகையும் புளிப்பையும் கூடுதலாகத் தாங்கும். வவ்வாலுக்குப் பூண்டும் சோம்பும் மிகுந்தால் மீன் ருசி மறைந்துவிடும். நெத்திலிக்கு மிளகாய்த்தூள், மஞ்சள், உப்பு தவிர வேறெதுவும் வேண்டாம்.

பூண்டும் வெங்காயமும் சீக்கிரம் கருகுமாதலால் நடுத்தரத் தீயே ஏற்றது. இரும்புக் கல்லில் எண்ணெய் காய்ந்த பின் துண்டுகளை இடைவெளி விட்டுப் போட வேண்டும். அடிப்புறம் சிவந்ததும் துண்டு தானாகவே கல்லை விடும். அதற்கு முன் புரட்டினால் மசாலா கல்லோடு போய்விடும்.

புளிப்பு ருசிக்கு மட்டும் அல்ல. கடல்மீன் செத்தபின் நுண்ணுயிர்களால் அதில் உண்டாகும் டிரைமெத்திலமீன் என்ற பொருளே மீன் வாடைக்கு முக்கியக் காரணம். அமிலம் பட்டால் அது ஆவியாகாத உப்பாக மாறுவதால் வாடை அடங்குகிறது. ஆனால் வாடை அடங்கிவிட்டது என்பதற்காக மீன் நல்ல மீனாகிவிடாது. சூரை, அயிலை, மத்தி போன்றவை வெயிலில் கிடந்தால் சதையில் ஹிஸ்டமின் சேரும். உண்டவருக்கு முகம் சிவந்து, தலைவலியும் அரிப்பும் வரலாம். அந்த நஞ்சை எந்த மசாலாவும் முறிக்காது, வறுக்கும் சூடும் அழிக்காது. இந்த மீன்களை வாங்கியதிலிருந்து மசாலா தடவும் வரை ஐஸிலேயே வைத்திருங்கள்.