ஆபரேஷன் சக்ஸஸ், ஆனால்...

"ஆபரேஷன் சக்ஸஸ், பேஷண்ட் அவுட்" என்பது அரதப் பழசான ஜோக். ஆனால் அந்த ஜோக்குக்குப் பின்னால் நிஜமாகவே ஒரு வில்லன் இருக்கிறான். பெயர், இரத்தக்கட்டி.

ஆபரேஷன் முடிந்து அசையாமல் படுத்திருக்கும்போது காலின் ஆழமான சிரைகளில் இரத்தம் தேங்கி உறையலாம். அந்தக் கட்டி பிய்ந்துபோய் நுரையீரலை அடைத்தால் சில நிமிடங்களில் உயிர் போகலாம். இங்கிலாந்தில் மட்டும் மருத்துவமனையில் உருவாகும் இரத்தக்கட்டிகளால் ஆண்டுக்கு சுமார் 25,000 பேர் இறக்கிறார்கள் என்று 2005ல் பிரிட்டிஷ் நாடாளுமன்றக் குழு ஒன்று சொன்னது.

கொடுமை என்னவென்றால், யாருக்கு ஆபத்து அதிகம் என்பதை முன்பே கணக்குப் போடலாம். அமெரிக்க சர்ஜன் ஜோசப் காப்ரினியின் மதிப்பெண் முறை அதற்குத்தான். வயது 61 முதல் 74 என்றால் 2. புற்றுநோய் இருந்தால் 2. 45 நிமிடத்துக்கு மேல் நீளும் பெரிய ஆபரேஷன் என்றால் 2. மொத்தம் 6. ஐந்தைத் தாண்டியாயிற்று, அதிக ஆபத்து. கூட்டல் தெரிந்தால் போதும்!

அனுபவமுள்ள டாக்டருக்கு இது தெரியாதா? தெரியும். ஆனால் ஒரே நாளில் பத்து பேரைப் பார்க்கும்போது மனக்கணக்கு தவறலாம், தாள் மறக்காது. சரி, எல்லோருக்கும் ஹெப்பாரின் ஊசி போட்டுவிடலாமே? முடியாது, இரத்தக்கசிவு என்ற இன்னொரு ஆபத்து இருக்கிறது. இரண்டையும் எடைபோடத்தான் இந்தக் கணக்கு.

2010ல் இங்கிலாந்து ஒரு காரியம் செய்தது. அட்மிட் ஆகும் பெரியவர்களில் 90 சதவீதம் பேருக்காவது இந்த ஆபத்தை மதிப்பிட வேண்டும், இல்லையென்றால் மருத்துவமனைக்கு வரும் பணத்தில் ஒரு பகுதி கிடைக்காது. விளைவு? சில ஆண்டுகளிலேயே இலக்கைத் தாண்டிவிட்டார்கள். அறிவுரையால் நடக்காததை பட்ஜெட் நடத்திக் காட்டியது.

ஆனால் படிவத்தில் டிக் அடிப்பது மட்டும் சிகிச்சை ஆகாது. மதிப்பெண் 6 என்று எழுதிவிட்டு ஊசியும் போடாமல், காலுறையும் மாட்டாமல், நோயாளியை எழுப்பி நடக்கவும் வைக்காமல் விட்டால், அது கணக்குப் புத்தகம் சுத்தமாக இருக்க கல்லாப்பெட்டி காலியாக இருக்கிற கதைதான்.

ஆபரேஷனுக்கு முன் "எவ்வளவு செலவாகும்?" என்று கேட்காத குடும்பம் இல்லை. கூடவே "இரத்தக்கட்டிக்கு எவ்வளவு ஆபத்து, அதற்கு என்ன செய்யப் போகிறீர்கள்?" என்றும் கேட்க வேண்டும். அந்தக் கேள்விக்குக் காசு கிடையாது.