மின்சாரச் சட்டத் திருத்தம்: வடக்கு கிழக்கிடம் கேட்டது யார்?

2022 முதல் 2025 வரையான காலப்பகுதியில் இலங்கையின் மின்சாரச் சட்டம் மூன்று தடவைகள் மாற்றப்பட்டிருக்கிறது. 2022 இல் ஒரு திருத்தம். 2024 இல் 36 ஆம் இலக்கப் புதிய சட்டம். 2025 இல் அந்தச் சட்டத்துக்கான 14 ஆம் இலக்கத் திருத்தச் சட்டம். மூன்றும் மூன்று வெவ்வேறு ஜனாதிபதிகளின் காலத்தில் நடந்தவை. ஆனால் ஒரு விடயம் மட்டும் மாறவில்லை. காற்றும் வெயிலும் காணியும் வடக்கு கிழக்கில் இருக்கின்றன. அவற்றை யார், எந்த நிபந்தனையில் பயன்படுத்துவது என்ற தீர்மானம் கொழும்பில் எடுக்கப்படுகிறது.

இந்தச் சீர்திருத்தத்தின் மையம் இலங்கை மின்சார சபை. உற்பத்தி, கடத்தல், விநியோகம் ஆகிய மூன்றையும் பெரும்பாலும் ஒரே கூரையின் கீழ் வைத்திருந்த அந்த நிறுவனத்தைத் தனித்தனிக் கம்பனிகளாகப் பிரிப்பதே 2024 ஆம் ஆண்டுச் சட்டத்தின் நோக்கம். தற்போதைய அரசாங்கம் பிரிப்பைக் கைவிடவில்லை. புதிய கம்பனிகள் அரசின் கையில் இருக்க வேண்டும் என்ற திசையில் சட்டத்தைத் திருத்தியது. இவற்றுக்குப் பின்னால் சர்வதேச நாணய நிதியத்தின் நிபந்தனையும் உண்டு. மின்சாரத்தின் உற்பத்திச் செலவைக் கட்டணத்தின் மூலம் மீளப்பெற வேண்டும் என்பது அது. அந்த நிபந்தனையின் பாரத்தை 2022 ஓகஸ்டில் 75 வீதமும், 2023 பெப்ரவரியில் 66 வீதமும் கட்டணம் உயர்ந்தபோது எல்லா வீடுகளும் உணர்ந்தன.

சட்டம் மாறும்போது பொதுமக்களின் கருத்து கேட்கப்படுகிறது என்கிறார்கள். எப்படிக் கேட்கப்படுகிறது? சட்டமூலம் வர்த்தமானியில் வருகிறது. இணையத்தில் ஓர் ஆவணம் போடப்படுகிறது. ஒரு மின்னஞ்சல் முகவரியும் ஒரு கடைசித் திகதியும் தரப்படுகின்றன. சட்டத்தரணிகளும் பொறியியலாளர்களும் தொழிற்சங்கங்களும் கம்பனிகளும் அதற்குள் தங்கள் கருத்தை எழுதி அனுப்பிவிடுவார்கள். பேசாலையில் அதிகாலை கடலுக்குப் போய்வரும் ஒருவர், உரிமப்பத்திரம், கொள்வனவு, கடத்தல் வலையமைப்பு என்று பக்கம் பக்கமாகப் போகும் ஓர் ஆவணத்தை வாசித்து, அதில் தன்னுடைய கரையைப் பாதிக்கும் வாசகம் எது என்று கண்டுபிடித்து, குறித்த திகதிக்குள் எழுதி அனுப்புவாரா? அவரிடம் கேட்கப்பட்டது என்று பதிவேட்டில் இருக்கும். அவருக்கு அது தெரிந்திருக்காது.

சட்டத்தின் வாசகம் கரையைப் பாதிக்காது என்று நினைப்பவர்கள் 2022 ஆம் ஆண்டுத் திருத்தத்தை நினைவில் கொள்ள வேண்டும். நாடு எரிபொருள் வரிசையில் நின்ற அந்த ஜூன் மாதத்தில், புதிய மின் உற்பத்தித் திட்டங்களுக்குப் போட்டி விலைமனு கோர வேண்டும் என்ற கட்டாயம் தளர்த்தப்பட்டது. மன்னாரிலும் பூநகரியிலும் அதானி குழுமத்தின் காற்றாலைகளுக்கு வழிவிடவே இது செய்யப்படுகிறது என்று எதிர்க்கட்சிகள் அப்போதே குற்றஞ்சாட்டின. அடுத்த நாள் மின்சார சபையின் அப்போதைய தலைவர் கோப் குழுவின் முன், இந்தியப் பிரதமரின் அழுத்தம் பற்றி ஜனாதிபதி தன்னிடம் கூறியதாகச் சொன்னார். ஜனாதிபதி அதை மறுத்தார். தலைவர் தன் கூற்றை மீளப்பெற்றுப் பதவி விலகினார்.

மொத்தம் 484 மெகாவாட் கொண்ட அந்தத் திட்டத்திலிருந்து அதானி குழுமம் 2025 பெப்ரவரியில் விலகிக்கொண்டது. ஒரு அலகுக்கு 8.26 அமெரிக்க சதம் என்ற விலை அதிகம் என்று புதிய அரசாங்கம் கருதியதே அதற்கு உடனடிக் காரணம். மன்னார் மக்களின் எதிர்ப்போ, வலசைப் பறவைகள் பற்றிய சூழலியலாளர்களின் வாதமோ தீர்மானத்தின் மையத்தில் இருக்கவில்லை. அதனால்தான் அதே ஆண்டு ஓகஸ்டில் வேறு கம்பனிகளின் காற்றாலைகளுக்கான உபகரணங்கள் மன்னார்த் தீவுக்குள் வந்தபோது மக்கள் மீண்டும் வீதிக்கு இறங்க வேண்டியிருந்தது. ஜனாதிபதி வேலைகளை ஒரு மாதம் நிறுத்தினார். செப்ரெம்பரில் வேலைகள் பொலிஸ் பாதுகாப்புடன் மீண்டும் தொடங்கின. சட்டம் எழுதும் கட்டத்தில் கேட்கப்படாத மக்கள் பாரவூர்தி வரும் கட்டத்தில்தான் பேச முடிகிறது. அப்போது அவர்களுக்குப் பெயர் அபிவிருத்திக்கு எதிரானவர்கள்.

மன்னார் மக்கள் மின்சாரத்தின் அருமை தெரியாதவர்கள் அல்லர். வடக்கில் ஒரு தலைமுறை ஜாம் போத்தல் விளக்கில் படித்தது. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து டைனமோவைச் சுற்றி வானொலி கேட்டது. 1990 களில் தேசிய மின்கட்டமைப்பிலிருந்து துண்டிக்கப்பட்ட யாழ்ப்பாணம் மீண்டும் அதனுடன் இணைந்தது போர் முடிந்து சில ஆண்டுகளின் பின்னரே. இடைப்பட்ட காலத்தில் டீசலில் ஓடிய மின் நிலையத்தின் கழிவெண்ணெய் சுன்னாகத்தின் கிணறுகளில் மிதந்தது. பாதிக்கப்பட்டோருக்கு 20 மில்லியன் ரூபா இழப்பீடு வழங்குமாறு உயர் நீதிமன்றம் உத்தரவிட 2019 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. சம்பூரில் 2006 இல் இடம்பெயர்ந்த மக்களின் காணி அனல் மின் நிலையத்துக்கு என்று ஒதுக்கப்பட்டது. அந்தத் திட்டம் 2016 இல் கைவிடப்பட்டு, இப்போது அங்கே சூரிய மின் திட்டம் வருகிறது. நிலக்கரியை விட சூரிய ஒளி நல்லது என்பதில் சந்தேகமில்லை. ஆனால் எந்தத் திட்டம் வந்தாலும், காணியை இழந்தவர்களுக்கு அந்தத் தீர்மானத்தில் என்ன இடம் இருந்தது என்ற கேள்வி அப்படியே இருக்கிறது.

அரசியலமைப்பில் இதற்கு ஒரு சிறிய வழி இருக்கிறது. 13 ஆவது திருத்தத்தின்படி தேசிய மின்கட்டமைப்புக்கான உற்பத்தி மத்திய அரசின் விடயம். ஆனால் அந்தக் கட்டமைப்புக்குள் சேராத, மாகாணத்துக்குள்ளான மின் உற்பத்தி நிலையங்களும், மாகாணத்துக்குள் மின்சாரத்தை விரிவாக்குவதும், அதன் பாவனையை ஒழுங்குபடுத்துவதும் மாகாணப் பட்டியலில் உள்ளன. மாகாணப் பட்டியலைத் தொடும் சட்டமூலம் மாகாண சபைகளின் கருத்துக்கு அனுப்பப்பட வேண்டும். 2012 இல் திவிநெகும சட்டமூலம் வந்தபோது வட மாகாண சபைக்குத் தேர்தல் நடந்திருக்கவில்லை. தெரிவுசெய்யப்பட்ட சபையின் இடத்தில் நின்று ஆளுநர் கருத்துச் சொல்ல முடியாது என்று உயர் நீதிமன்றம் கூறியது. அதன் பின் சில மாதங்களில் பிரதம நீதியரசர் பதவி நீக்கப்பட்டார். இன்று கிழக்கில் 2017 இலிருந்தும் வடக்கில் 2018 இலிருந்தும் மாகாண சபை இல்லை. சபை இல்லாத இடத்தில் மக்களுக்கு எஞ்சியிருப்பது மின்னஞ்சல் முகவரி மட்டுமே.

இதில் எங்கள் பக்கத்துக் குறையையும் சொல்ல வேண்டும். தமிழ்க் கட்சிகள் காணியைப் பற்றிப் பேசுகின்றன. காணியை எடுக்க வழிவிடும் மின்சாரச் சட்டத்தைப் பற்றிப் பேசுவது அரிது. அது பொறியியலாளர்களின் விடயம் என்று விட்டுவிடுகின்றன. பிறகு மன்னாரில் போராட்டம் நடக்கும்போது போய் முன்வரிசையில் நிற்கின்றன.

சட்டம் நிறைவேறியதோடு எல்லாம் முடிந்துவிடவில்லை. அதன் கீழ் வரும் கொள்கைகளும் ஒழுங்குவிதிகளும் கட்டணத் தீர்மானங்களும் தொடர்ந்து எழுதப்படும். அவற்றில் கேட்க வேண்டியவை சில உண்டு. திட்டம் அமையும் கிராமத்திலேயே, தமிழில், உரிமம் வழங்குவதற்கு முன் மக்களைக் கேட்பதும், சொல்லப்பட்ட கருத்துக்கு எழுத்தில் பதில் தருவதும் கட்டாயமாக வேண்டும். வருமானத்தின் ஒரு பங்கு உள்ளூராட்சி மன்றத்துக்குச் சட்டப்படி வர வேண்டும். கம்பனிகள் பிரிந்தாலும் நாடு முழுவதும் ஒரே கட்டணம் என்ற ஒழுங்கு உடையக்கூடாது. வீடுகள் சிதறிக் கிடக்கும், மின்சாரம் குறைவாகப் பாவிக்கும் வன்னி போன்ற பகுதிகளுக்கு அதுதான் பாதுகாப்பு. தனியே குடும்பத்தைச் சுமக்கும் பெண்களின் வீடுகளில் இணைப்பைத் துண்டிப்பதற்கு முன் அவகாசம் வேண்டும்.

இவற்றை எழுதி அனுப்புவதால் எல்லாம் கிடைத்துவிடும் என்று இல்லை. 2023 இல் கட்டண உயர்வை எதிர்த்த பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழுவின் தலைவரையே பாராளுமன்றம் நீக்கியது. ஆனாலும் எழுத்தில் இருக்கும் ஆட்சேபம்தான் நாளை நீதிமன்றத்தில் சான்றாக நிற்கும். பேசாலை மீனவரால் தனியே அதை எழுத முடியாது. அவரோடு உட்கார்ந்து எழுதுவதற்குப் பிரதேச சபை உறுப்பினர்களும், சட்ட மாணவர்களும், பங்குத் தந்தையரும், கடற்றொழிலாளர் சங்கங்களும் இருக்கிறார்கள். அடுத்த கடைசித் திகதி வருவதற்கு முன் அவர்கள் உட்கார வேண்டும்.