கையேட்டை எழுத வேண்டியவர் யார்?

சென்ற மாதம் மூதூரில், அயலிலுள்ள மூதாட்டி ஒருவர் பேரனின் கைத்தொலைபேசியை என்னிடம் நீட்டினார். உதவிப்பணத்துக்கான விண்ணப்பம். திரையில், ‘இந்த வயல் கட்டாயமானது’ என்றிருந்தது.

“எனக்கு ஏது தம்பி வயல்? இருந்த துண்டையும் மகள்ர கலியாணத்துக்கு வித்துப்போட்டன். வயல் இல்லாத ஆக்களுக்குக் காசு இல்லையா?”

விவரம் நிரப்பவேண்டிய கட்டத்தை ஆங்கிலத்தில் ‘பீல்ட்’ என்பர். அதை யாரோ, அல்லது ஏதோ ஓர் இயந்திரம், வயலாக்கிவிட்டது. நெல் விளையும் ஊரில் இதைச் சிரித்துவிட்டுக் கடக்க முடியாது. அவர் இரண்டு வாரமாக விண்ணப்பத்தைத் தொடாமலே வைத்திருந்தார்.

மென்பொருளை ஆக்கியவரே அதன் விளக்கத்தையும் எழுதவேண்டும் என்பார்கள். எனக்கு உடன்பாடில்லை. அவருக்கு எல்லாம் தெரியும்; வாசிப்பவர் எந்த இடத்தில் தடுக்கி நிற்பார் என்பது மட்டும் தெரியாது. மொழிபெயர்ப்பாளருக்கோ, பெரும்பாலும் அந்தத் திரையைக் காட்டுவதே இல்லை. சொற்பட்டியலை மட்டும் அனுப்பிவைக்கிறார்கள்!

எங்கள் பத்திரிகை அலுவலகத்துக்குக் கணினி வந்தபோது உடன்வந்த தடித்த ஆங்கிலக் கையேடு அலுமாரியிலேயே கிடந்தது. ஈய எழுத்துகளோடு வாழ்ந்த அச்சுக்கோப்பாளர் ஒருவர், பாமினி எழுத்துருவில் எந்த விசைக்கு எந்த எழுத்து, பக்கம் அசையாமல் நின்றுவிட்டால் என்ன செய்வது என்பதையெல்லாம் பாடசாலைக் கொப்பி ஒன்றில் எழுதிவைத்தார். பிழைகளைப் பொறியியலாளர் திருத்தினார். நாங்கள் அனைவரும் தொழில் பழகியது அந்தக் கொப்பியில்தான்.

1847இல் இலங்கைக்கு வந்த மருத்துவர் சாமுவேல் கிறீன், தமிழ் கற்று, தம்மிடம் பயின்ற மாணவர்களையும் சேர்த்துக்கொண்டு மருத்துவ நூல்களைத் தமிழாக்கினார். ‘கெமிஸ்தம்’ என்ற பெயர் இன்று நகைப்பூட்டலாம். ஆனால், நோயாளியின் முன் நிற்கப்போகிறவர்களும் அந்த வேலையில் பங்கேற்றார்கள் என்பதை மறக்கலாகாது.

ஆகவே முதற்படியைப் பயன்படுத்துபவர் எழுதட்டும், நிரலாளர் சரிபார்க்கட்டும், மொழியறிந்தவர் செப்பமிடட்டும். மூவருக்கும் ஊதியம் வேண்டும். பயர்பொக்ஸ், லிப்ரே ஒபிஸ் ஆகியவற்றின் தமிழாக்கத்தில் தன்னார்வலர்கள் ஊதியமின்றி நிறையவே உழைத்திருக்கிறார்கள். அரச விண்ணப்பத்துக்கும் அதே தருமத்தை எதிர்பார்ப்பது நியாயமன்று.

மூதாட்டியின் விண்ணப்பத்தை நிரப்பி அனுப்பிவிட்டோம். அந்த ‘வயலில்’ கேட்கப்பட்டிருந்தது அவருடைய பிறந்த திகதி.